‘வீ செபரேட்டட்’ என்று எழுதிவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 2018இல் கல்யாணம் நடந்தது. 2019 மார்ச் மாதம் கணவர் வேலை விசாவில் கனடா போனார். நான் வெள்ளவத்தையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இப்போது அவருக்கு அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்து, என்னை ஸ்பொன்சர் செய்திருக்கிறார். எங்கள் உறவைப் பற்றி நானே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் ‘வீ செபரேட்டட் இன் மார்ச் 2019. ஹீ லெஃப்ட் மீ அண்ட் வென்ட் டு கனடா. சின்ஸ் தென் வீ லிவ் செபரேட்லி’ என்று எழுதியிருந்தேன். இப்போது விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உங்கள் திருமணம் தொடர்கிறதா, விளக்கம் தரவும் என்கிறார்கள். அகராதியில் ‘செபரேட்’ என்றால் பிரிதல் என்றுதான் இருக்கிறது. நாங்கள் பிரிந்துதானே இருக்கிறோம்? எதில் பிழை? எப்படித் திருத்துவது? வேறு யாரோ எழுதித் தந்தது என்று சொல்லிவிடு என்கிறாள் மச்சாள். அப்படிச் சொல்லலாமா?

பதில் தருபவர்: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், புதுக்கடை, கொழும்பு 12.

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தைப் பார்த்து எவ்வளவு கலங்கிப்போயிருப்பீர்கள் என்று விளங்குகிறது. விளக்கம்தான் கேட்டிருக்கிறார்கள், விசாவை மறுக்கவில்லை. நிதானமாகப் பதில் எழுதினால் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. ஆனால் அந்த மூன்று வசனங்களும் ஆங்கிலத்தில் என்ன சொல்கின்றன என்பதை முதலில் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘2019 மார்ச்சில் எங்கள் மணவாழ்க்கை முறிந்தது. அவர் என்னைக் கைவிட்டுக் கனடா போய்விட்டார். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து வாழ்வதில்லை.’ அதிகாரி வாசித்தது இதைத்தான். மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று மனைவியே எழுதியிருக்கும்போது கணவன் ஏன் ஸ்பொன்சர் செய்கிறார் என்று கேட்பது அவருடைய வேலை.

அகராதி பொய் சொல்லவில்லை. செபரேட் என்றால் பிரிதல்தான், பிரித்தல்தான். அரிசியிலிருந்து கல்லைப் பிரித்தாலும் செபரேட், முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்தாலும் செபரேட், இந்தியாவையும் இலங்கையையும் பாக்கு நீரிணை பிரிக்கிறது என்றாலும் அதே வினைதான். இங்கெல்லாம் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் எழுவாயாகக் கணவனும் மனைவியும் நின்று, எதை என்ற கேள்விக்குப் பதிலும் இல்லாமல், ‘வீ செபரேட்டட்’ என்று வசனம் முடிந்துவிட்டால், ஆங்கிலம் பேசுபவர் காதில் அது ஒரு முடிவைத்தான் சொல்லும்: இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியே போய்விட்டார்கள். விவாகரத்து ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம், ஆனால் உறவு முறிந்துவிட்டது. பக்கத்தில் நீங்கள் எழுதிய மாதமும் ஆண்டும் அந்த முறிவின் திகதியாகிவிடுகின்றன.

உங்களுக்கு ஏன் அது தோன்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நமக்குப் பிரிவு என்பது திருமணத்துக்கு உள்ளேயே நடக்கிற விஷயம். சங்க அகப்பாடல்களில் பாலைத் திணை முழுவதும் பிரிவைப் பற்றியதுதான். தலைவன் பொருள் தேடிப் போகிறான், தலைவி காத்திருக்கிறாள். அதற்குப் பொருள்வயிற் பிரிவு என்று பெயரே இருக்கிறது. போனவன் திரும்பி வருவான் என்ற நினைப்பில்தான் அந்தப் பாட்டுகள் நிற்கின்றன. இன்றைக்குக் கட்டாருக்கோ குவைத்துக்கோ போன கணவனைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் ‘அவரைப் பிரிஞ்சு மூன்று வருஷம்’ என்று சொன்னால், ‘ஏன், என்ன சண்டை?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவளுடைய ஏக்கம்தான் நமக்குக் கேட்கும். அந்த ஏக்கத்தை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதப் பார்த்திருக்கிறீர்கள். அதைச் சுமக்கிற சொல் செபரேட் அல்ல.

ஆனால் தமிழிலும் ஒரு கோடு இருக்கிறது, கவனித்தீர்களா? ‘அவரைப் பிரிந்து இருக்கிறேன்’ என்றால் ஏக்கம். ‘இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள்’ என்றால் நாமும் முறிவைத்தான் நினைக்கிறோம். ஒருவர் போக மற்றவர் நிற்கும் பிரிவு வேறு, இருவருமே எழுவாயாகி நடத்தும் பிரிவு வேறு. ‘வீ’ என்று தொடங்கியபோது நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், பதில் எழுதும்போது அது நுழைந்துவிடக் கூடாது. ‘கணவரைப் பிரிந்தேன்’ என்று நாம் இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் பலர் ‘ஐ செபரேட்டட் மை ஹஸ்பண்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது கணவரை எதிலிருந்தோ, யாரிடமிருந்தோ பிரித்து எடுத்தேன் என்று ஆகிவிடும். சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிவிட்டது போல. தமிழில் பிரிந்தேன், பிரித்தேன் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறு வேறு வடிவம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் செபரேட் ஒன்றுதான். அதனால் பின்னால் வருகிற ‘ஃப்ரம்’ என்ற சிறு சொல்தான் எந்தப் பொருள் என்று காட்டுகிறது. ‘செபரேட்டட் ஃப்ரம் மை ஹஸ்பண்ட்’ என்றால் இலக்கணம் சரி. ஆனால் பொருள் முறிவுதான். உங்களுக்கு அதுவும் உதவாது.

‘வேர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரிவருமா என்று சிலர் கேட்பார்கள். ‘வீ வேர் செபரேட்டட்’, அதாவது பிரிக்கப்பட்டோம். நம்முடைய மக்களுக்கு மிகவும் முக்கியமான இடம் இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து பிரித்தது, நாங்கள் விரும்பவில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வழக்கமாக வருவது இந்தச் செயப்பாட்டு வினைதான். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்திலிருந்து ஊரே எழும்பி நடந்தபோது தாயைத் தவறவிட்ட பிள்ளை, 2009இல் கடைசி நாட்களில் அண்ணனைத் தவறவிட்ட தங்கச்சி, இவர்கள் எல்லாரும் தங்கள் கதையை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ வொஸ் செபரேட்டட் ஃப்ரம் மை ப்ரதர்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ செபரேட்டட் ஃப்ரம் மை ப்ரதர்’ என்றால் தானாக விலகிப் போனது போலத் தொனிக்கும். ஒரு சின்ன ‘வொஸ்’ விடுபட்டதால், போர் செய்த காரியம் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. அகதி விண்ணப்பங்களிலும் காணாமல் போனவர்களைத் தேடும் மனுக்களிலும் வாசிப்பவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தத் தாளில் இருப்பது மட்டும்தான். அதனால் நான் இந்த வினையைக் கண்டால் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, பிரித்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

ஆனால் கணவன் மனைவி விஷயத்தில் இந்த வடிவமும் வழுக்கும். ‘வீ வேர் செபரேட்டட்’ என்பதைப் ‘பிரிக்கப்பட்டோம்’ என்றும் வாசிக்கலாம், ‘அந்தக் காலத்தில் நாங்கள் மணமுறிவு நிலையில் இருந்தோம்’ என்றும் வாசிக்கலாம். செபரேட்டட் என்பது அங்கே ஒரு நிலையைக் காட்டும் பெயரடையாகிவிடுகிறது. நிகழ்காலத்தில் ‘வீ ஆர் செபரேட்டட்’ என்றால் இன்னும் மோசம், அது அநேகமாக முறிவை மட்டுமே சொல்லும். யார் பிரித்தது என்பதை ‘பை த வோர்’ என்று பின்னாலேயே எழுதினால் சந்தேகம் நீங்கும். உங்களைப் போரும் பிரிக்கவில்லை, அரசாங்கமும் பிரிக்கவில்லை. அவர் வேலைக்குப் போனார். அதனால் இந்த வினையை உங்கள் பதிலில் முழுவதுமாக விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வசனம் செபரேட்டைவிடக் கடுமையானது. ‘ஹீ லெஃப்ட் மீ.’ தமிழில் ‘என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்’ என்றால் அதில் அக்கறை இருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ‘என்னை விட்டுட்டுப் போயிட்டார்’ என்றால் கைவிட்டது. இடத்தைச் சொல்கிறோமா, சொல்லும்போது குரல் எப்படி இருக்கிறது என்பதை வைத்து நமக்கு வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்திலும் அதே கணக்குத்தான். ‘ஹீ லெஃப்ட் மீ வித் மை மதர்’ என்று ஆளையோ இடத்தையோ சேர்த்தால் சாதாரண வசனம். ‘ஹீ லெஃப்ட் மீ’ என்று நின்றுவிட்டால் கைவிட்டார் என்பதுதான். ‘ஹீ லெஃப்ட் ஃபோர் கனடா’ என்றால் கனடாவுக்குப் புறப்பட்டார், அவ்வளவுதான். ‘மீ’யை எடுத்துவிட்டு ‘ஃபோர்’ போட்டிருந்தால் இந்த வரியால் உங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது.

நம் நாட்டுச் சட்டத்தை வைத்துப் பார்த்தாலும் இது விளையாட்டல்ல. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது. அதை ஆங்கிலத்தில் ‘மலிஷியஸ் டெசேர்ஷன்’ என்பார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் அந்தக் காரணத்தைக் காட்டி வழக்குப் போடுகிறவர்களுடைய வாக்குமூலங்களில் ‘ஹீ லெஃப்ட் மீ’ என்ற வரி திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கு அது தேவையான வரி. உங்களுக்கு அது இருக்கவே கூடாத வரி.

மூன்றாவது வசனத்தில் ஒரு சின்ன இலக்கணப் பிழையும் ஒரு பெரிய பொருள் பிழையும் இருக்கின்றன. ‘சின்ஸ் தென்’ என்று தொடங்கினால் ‘வீ லிவ்’ வராது, ‘வீ ஹேவ் பீன் லிவிங்’ என்று வர வேண்டும். அது சின்ன விஷயம், அதற்காக யாரும் விசாவை நிறுத்தமாட்டார்கள். பெரிய விஷயம் ‘செபரேட்லி’ என்பது. கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் ‘செபரேட் அண்ட் அபார்ட்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அப்படி ஓராண்டு வாழ்ந்திருந்தால் திருமணம் முறிந்ததற்கு அதுவே சான்று. அந்தச் சட்டம் தூரத்தை மட்டும் அளக்கவில்லை. பிரிந்து வாழ வேண்டும் என்ற எண்ணம் இருவரில் ஒருவருக்காவது இருந்ததா என்று பார்க்கிறது. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே ‘செபரேட் அண்ட் அபார்ட்’ ஆக வாழ முடியும் என்று அங்குள்ள நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மறுபக்கமும் அப்படித்தான். கனடா வருமான வரித் திணைக்களம் ஒருவரைச் செபரேட்டட் என்று கணக்கெடுக்க வேண்டுமானால், உறவு முறிந்த காரணத்தால் குறைந்தது 90 நாட்கள் தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ தள்ளி இருப்பது அந்தக் கணக்கில் வராது.

இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. கொழும்புக்கும் டொரொன்டோவுக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் இருந்தாலும் அந்தத் தூரம் உங்களைச் செபரேட்டட் ஆக்காது. நீங்களோ அவரோ போதும் என்று நினைத்தால்தான் அந்தச் சொல் உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் நினைக்கவில்லை. அதனால் நீங்கள் பயன்படுத்திய சொல் உங்களுக்குச் சொந்தமானதே இல்லை.

படிவங்களில் திருமண நிலை கேட்கும் இடத்திலும் இதே விதிதான். கனடாப் படிவத்தில் மேரீட், டிவோர்ஸ்ட், விடோவ்ட் என்பவற்றோடு ‘லீகலி செபரேட்டட்’ என்றும் ஒரு தெரிவு இருக்கும். கணவர் வெளிநாட்டில் என்பதற்காக அதைத் தெரிவுசெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். நீங்கள் மேரீட். நம் நாட்டிலும் சட்டப்படியான பிரிவு என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டும். வெறுமனே வெவ்வேறு வீட்டில் இருப்பதால் யாருடைய விவாகப் பதிவும் மாறுவதில்லை.

செபரேட்டை விட்டால் அந்த இடத்தில் ‘பார்ட்’ போடலாமா என்று தோன்றும், ஏனென்றால் அது கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். அதிலும் கவனம் வேண்டும். ‘பார்ட் ஃப்ரம்’ என்றால் ஒருவரை விட்டுப் பிரிவது. ‘பார்ட் வித்’ என்றால் ஒரு பொருளை மனமில்லாமல் கொடுத்துவிடுவது, அம்மாவின் தாலிக்கொடியை விற்க வேண்டி வந்ததைச் சொல்வது போல. ‘ஐ பார்ட்டட் வித் மை ஹஸ்பண்ட்’ என்று எழுதினால் கணவரை யாரிடமோ கொடுத்துவிட்டது போலக் கூட வாசிக்கலாம். ஆங்கிலிக்கன் திருமண வழிபாட்டில் வரும் ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற வாக்கு எல்லாருக்கும் தெரியும். 1549இல் அது ‘டில் டெத் அஸ் டிபார்ட்’ என்று இருந்தது. அக்காலத்தில் டிபார்ட் என்றால் பிரித்தல். பிறகு அந்தச் சொல் புறப்படுதல் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டதால் 1662இல் ‘டூ பார்ட்’ என்று மாற்றினார்கள். கல்யாண வாக்கிலேயே சாவுதான் பிரிக்கும் என்று நிற்கிற வினை அது. விசாக் கடிதத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஸ்ப்ளிட் அப், ப்ரேக் அப், எஸ்ட்ரேஞ்ட் எல்லாம் முறிவைத்தான் சொல்லும். அவை உங்கள் பக்கத்துக்கே வர வேண்டாம்.

அப்போ எதைப் போடுவது? பிரிவைச் சொல்லும் வினையே வேண்டாம். யார், எங்கே, எதற்காகப் போனார், யார் எங்கே நின்றார் என்பதைச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் போதலுக்கும் இருத்தலுக்கும் ஒரு குற்றமும் சொல்லாத வினைகள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் மூன்று வசனங்களுக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: ‘மை ஹஸ்பண்ட் மூவ்ட் டு கனடா ஃபோர் வேர்க் இன் மார்ச் 2019. ஐ ஸ்டேட் இன் கொலம்போ வித் மை மதர். வீ ஹேவ் பீன் லிவிங் இன் டிஃபரன்ட் கன்ட்ரீஸ் சின்ஸ் தென், பட் வீ ஹேவ் ரிமெய்ன்ட் அ மேரீட் கப்புள் த்ரூஅவுட்.’

ஆனால் திருத்திய வசனங்களை மட்டும் அனுப்பினால் போதாது. பழைய தாள் அவர்கள் கையில் இருக்கிறது. முதலில் எழுதியதற்கும் இப்போது எழுதுவதற்கும் ஏன் வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். கடிதத்தின் முதல் பந்தியிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள்: ‘இன் மை எர்லியர் ஸ்டேட்மென்ட் ஐ ரோட் தட் வீ செபரேட்டட் அண்ட் தட் ஹீ லெஃப்ட் மீ. ஐ மென்ட் ஒன்லி தட் மை ஹஸ்பண்ட் ட்ராவல்ட் டு கனடா அண்ட் ஐ ரிமெய்ன்ட் இன் ஸ்ரீலங்கா. ஐ டிட் நொட் மீன் தட் அவர் ரிலேஷன்ஷிப் ஹேட் என்டட்.’ தாய்மொழி தமிழ், இந்த அர்த்தம் அப்போது விளங்கவில்லை என்று இன்னொரு வரி சேர்க்கலாம். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டு நீட்டத் தேவையில்லை.

மச்சாள் சொன்ன யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், ஆனால் அது உண்மையல்ல. இப்போது உங்களிடம் இருப்பது ஒரு மொழிப் பிழை மட்டும்தான். வேறு யாரோ எழுதினார் என்றால் அது பொய்த் தகவலாகிவிடும். கனடாக் குடிவரவுச் சட்டத்தின்படி முக்கியமான விஷயத்தில் பொய்த் தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் 5 ஆண்டுகள் நுழைவுத் தடை வரலாம். நேர்மையாக எழுதியதில் சொல் பிழைத்தது என்பது உங்களுக்குச் சாதகமான உண்மை. அதையே சொல்லுங்கள்.

உண்மையை வார்த்தையில் சொன்னால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். 2019 மார்ச்சுக்குப் பிறகு உறவு தொடர்ந்தது என்பதுதான் கேள்வி, ஆகவே அந்தத் திகதிக்குப் பிறகான சான்றுகளையே தேடுங்கள். அவர் காசு அனுப்பிய வங்கி ரசீதுகள், ஆண்டுக்கு ஆண்டு எடுத்த சில தொலைபேசி, வாட்ஸ்அப் பதிவுகள், அவர் லீவில் வந்துபோயிருந்தால் கடவுச்சீட்டு முத்திரைகளும் விமானச் சீட்டுகளும், இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படங்கள். கட்டுக்கட்டாக அனுப்ப வேண்டாம். இடைவெளி விழாமல் எல்லா ஆண்டும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தமிழில் உள்ள தாள்கள் எதுவானாலும் அத்தாட்சிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்போடு போக வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதவே இப்போது கை நடுங்குகிறது என்றால், தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, அதை மொழிபெயர்ப்பித்து இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். உங்கள் மனதில் உள்ளதை நீங்கள் நன்றாகச் சொல்லக்கூடிய மொழி அது. எந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாலும், முடித்துத் தந்ததும் ‘பிரிந்து’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் என்ன போட்டிருக்கிறார் என்று விரல் வைத்துக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் வாழ்க்கை.

கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் வேலை விசாவுக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பித்தபோது திருமண நிலை என்ன எழுதினார், உங்களை மனைவி என்று காட்டினாரா என்று அவரிடம் கேளுங்கள். காட்டியிருந்தால் அந்தப் படிவங்களே உங்களுக்குப் பெரிய துணை, பிரதிகளை இணையுங்கள். காட்டாமல் விட்டிருந்தால் அது சொல் பிழையைவிடப் பெரிய சிக்கல். அப்போது எதையும் அனுப்புமுன் கனடாக் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியையோ அங்கு உரிமம் பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். அது என் வேலைக்கு அப்பாற்பட்டது. காட்டியிருந்தாலும், இருவரும் தங்கள் சொந்தச் சொற்களில் ஆளுக்கொரு கடிதம் எழுதி, அனுப்புமுன் தொலைபேசியில் திகதிகளை மட்டும் ஒத்துப் பாருங்கள்.

விசா அலுவலகக் கடிதத்தில் பதிலுக்கு ஒரு கடைசி நாள் போட்டிருப்பார்கள். அதற்குள் சான்றுகள் சேராது என்று தெரிந்தால், நாள் முடியுமுன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். கேள்விக் கடிதத்தில் உள்ள விண்ணப்ப இலக்கத்தை ஒவ்வொரு தாளிலும் எழுதி, அனுப்பும் எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அனுப்பிய அந்த ஒரு பக்கத்தின் கொப்பியும் உங்களிடம் இருந்தால் அதையும் எறியாமல் அதே ஃபைலில் வையுங்கள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.